தன்னாட்சி வாதத்தில் நிறுவப்பட வேண்டிய இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தில்லியில் தமிழர் கூடும் அரங்குகளில் ஈழத் தமிழரின் சுயநிர்ணய உரிமை பற்றிப் பேசுவோர் பலர், மக்களினங்கள் அனைத்துக்கும் அவ்வுரிமை உண்டு என்பதை நிறுவுவதிலேயே நேரம் முழுவதையும் செலவிடுகிறார்கள். 1966ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் முதல் உறுப்பே அதைச் சொல்லிவிட்டது. இலங்கையும் அதில் இணைந்த நாடுதான். அந்தப் பொதுவிதியிலிருந்து தனிநாடு என்ற முடிவுக்கு நேரே போக முடியாது. சுயநிர்ணயம் பொதுவாக ஒரு நாட்டின் எல்லைக்குள்ளேயே நிறைவேற வேண்டியது என்றும், காலனியாதிக்கமோ அந்நிய அடக்குமுறையோ இல்லாத இடத்தில், உள்நாட்டு வழி அடைபட்ட மக்களுக்கே பிரியும் உரிமை எழக்கூடும் என்றும் கனடாவிலிருந்து கியூபெக் மாகாணம் தானாகப் பிரிய முடியுமா என்ற வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1998இல் கருத்துரைத்தது. ஆகவே, வழி அடைபட்டது என்பதே நிறுவப்பட வேண்டிய கூற்று.

பேச்சாளர்கள் அதற்குச் சான்றாக இனத்தின் தொன்மையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதே தொன்மை தமிழ்நாட்டுத் தமிழருக்கும் உண்டு. அதிலிருந்து இங்கே தனிநாடு என்ற முடிவு பிறக்கவில்லை. முடிவு இல்லாத இடத்திலும் காணப்படும் இத்தகைய ஏதுவை, அதாவது காரணத்தை, அநைகாந்திகம் என்று ஏதுப்போலிகளுள் (காரணம்போலத் தோன்றும் பிழைகளுள்) ஒன்றாக மணிமேகலை வகுத்துக் காட்டுகிறது. எனக்கு வருத்தம் தருவது, வலுவான சான்று கையில் இருக்க, போலியான ஏதுவை நாம் நம்பியிருப்பதுதான். 1949இல் கூட்டாட்சி கேட்டுத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய செல்வநாயகம், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தையும், 1957இல் தாம் பிரதமர் பண்டாரநாயக்கவுடன் செய்த அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டதையும், 1965இல் சிங்களத் தலைவர் டட்லி சேனநாயக்கவுடன் கண்ட அத்தகைய உடன்பாடு நிறைவேறாமலே போனதையும், சிங்களத்துக்கும் பௌத்தத்துக்கும் முதலிடம் தந்த 1972இன் அரசியலமைப்பையும் கண்ட பின்னரே, 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறிய மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். எல்லைக்குள் தீர்வு கேட்டவரே அம்முடிவுக்கு வந்தார் என்ற இந்த வரிசையைவிடத் தெளிவான வாதம் வேறில்லை.

இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தத்தால் மாகாண சபைகள் வந்துவிட்டன, வழி திறந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு சொல்லும். அது நியாயமான மறுப்பு. பழைய ஒப்பந்தங்களை மட்டும் அடுக்கினால் அதற்கு விடையாகாது. காவல், காணி அதிகாரங்கள் மாகாணங்களின் கைக்கு உண்மையில் வந்து சேரவில்லை என்பதையும், வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்த பின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தப்படவில்லை என்பதையும் அடுத்த அரங்கில் பேசுவோர் முதலில் எடுத்து வைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மயூர் விஹார், தில்லி