அன்று கேட்டவர்கள் இன்னும் இருக்கிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வானொலிக் கட்டுரையை முழுவதும் படித்தேன். உழைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அறுபதுகளின் ராக் இசையைத் தமிழ்நாட்டில் ரேடியோவில் கேட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய கான்வென்ட் பிள்ளைகள்தானாம். இப்போது அதைப் பற்றிப் பேசும் பெரியவர்கள் பலர் யூடியூபில் கேட்டதைத் தங்கள் இளமை நினைவாக ஆக்கிக்கொண்டவர்களாம். கட்டுரையாளர் இளைஞராக இருக்கலாம், அவருக்குத் தெரியாமல் போயிருக்கலாம். நீங்கள் என் வயதுக்காரர். கொழும்பு ரேடியோ, அதாவது இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர் என்று நீங்களே தலையங்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். எங்களைப் பொய்யர்கள் என்று சொல்லும் வரியை நீங்கள் எப்படி அச்சுக்கு விட்டீர்கள்?

என் அப்பா திருச்சி பொன்மலை ரெயில்வே பணிமனையில் ஃபிட்டர். நான் படித்தது தமிழ் மீடியம். எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. ரேடியோ வாங்கினால் மட்டும் போதாது, அந்தக் காலத்தில் தபால் ஆபீசில் வருடா வருடம் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு தெரு தள்ளி ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. அவர் என்ஜின் டிரைவர். அவர் வீட்டு வராண்டாவில் ஒரு மர்ஃபி வால்வு ரேடியோ. ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கட்டில் உட்காரலாம். டெய்லர் கடைப் பையன், தபால்காரர் மகன், மாவு மில்காரர் தம்பி, நான். கான்வென்ட் வாசலைக்கூட மிதிக்காத பிள்ளைகள் நாங்கள். சிற்றலையில் முள்ளை மெல்லத் திருப்பி, கரகரப்புக்கு நடுவே அந்த மனிதர் கொழும்பைப் பிடிப்பார். பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், கிங்க்ஸ், அனிமல்ஸ் என்று அந்தப் பிரிட்டிஷ் ராக் குழுக்கள் எல்லாரும் எங்களுக்கு அறிமுகமானது அந்தப் படிக்கட்டில்தான். பாட்டின் வரிகள் பாதி புரியாது. கிடார் புரிந்தது, டிரம்ஸ் புரிந்தது. ஒரு பாட்டு முடிந்ததும் யாரும் பேசாமல் இருப்போம், அடுத்த பாட்டின் பெயரை அறிவிப்பாளர் சொல்வதைத் தவறவிட்டால் வாரம் முழுக்க யார் பாடியது என்று தெரியாமல் தவிக்க வேண்டும் என்பதால்.

அந்த அறிவிப்பாளர்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. வெர்னன் கொரயாவின் குரலைக் கேட்டவர்கள் மறக்க முடியுமா? பாண்ட்ஸ் ஹிட் பரேட் என்ற அவருடைய நிகழ்ச்சியின் பெயராவது கட்டுரையாளரின் காதில் விழுந்திருக்க வேண்டாமா? அப்புறம் ஜிம்மி பரூச்சா. ஆங்கிலம் இப்படி இதமாகவும் பேச வரும் என்று எங்களுக்குக் காட்டியவர்கள் இவர்கள். கொழும்பு ரேடியோவில் தமிழுக்கு மயில்வாகனன், இந்திக்கு அமீன் சயானி என்று கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் 2024 பிப்ரவரியில் சயானி மறைந்தபோது நீங்கள் வெளியிட்ட முழுப்பக்கக் கட்டுரையிலும் கொழும்புக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்தீர்கள். அன்றே எழுத நினைத்தேன், அடக்கிக்கொண்டேன்.

கொழும்பு நிலையத்துக்கு அந்த வீச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவில் இருந்த நேசநாட்டுப் படைவீரர்களுக்காகப் பிரிட்டிஷார் கொழும்புக்கு அருகே ஏக்கலயில் நிறுவிய 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் அது. போர் முடிந்ததும் இலங்கைக்குக் கிடைத்தது. 1950-ல் வர்த்தக சேவை தொடங்கினார்கள். காமன்வெல்த் நாடுகளின் உதவித் திட்டமான கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபோர்ட் டாட் அதை நடத்தினார். இங்கே என்ன நடந்தது? 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு மந்திரியான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டே கூடாது என்று அகில இந்திய வானொலியின் கதவைச் சாத்தினார். இந்தியாவே முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பியது. அந்த அடியைத் தாங்க முடியாமல்தான் 1957-ல் அகில இந்திய வானொலியின் விவித் பாரதி வந்தது. விவித் பாரதி சினிமாப் பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தது, சரி. எங்கள் கிடாருக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. எங்களுக்குக் கொழும்பை விட்டால் வேறு கதி இல்லை.

லண்டன் இளைஞர்கள் பிபிசியில் நாள் முழுக்க பீட்டில்ஸ் கேட்டுக்கொண்டிருந்தபோது, என்று ஓர் இடத்தில் ஒப்பிட்டிருக்கிறார் கட்டுரையாளர். இது உண்மைக்கு நேர்மாறு. இசைத்தட்டு நிறுவனங்களோடும் இசைக்கலைஞர் சங்கத்தோடும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால், நாளுக்குச் சில மணி நேரத்துக்கு மேல் பிபிசியால் இசைத்தட்டு போட முடியாது. லண்டன் பையன்கள் ராத்திரியில் 208 மீட்டர் அலைவரிசையில், லக்சம்பர்க் நாட்டிலிருந்து வரும் ரேடியோ லக்சம்பர்க்கைப் பிடித்துக் கேட்டார்கள். அதுவும் ஏறி இறங்கும், நடுவில் காணாமல் போகும். இந்தப் பஞ்சத்தால்தான் 1964 ஈஸ்டர் சமயத்தில் ரோனன் ஓராஹில்லி என்ற ஐரிஷ்காரர் ஒரு கப்பலைப் பிரிட்டிஷ் எல்லைக்கு வெளியே கடலில் நிறுத்தி ரேடியோ கரோலைன் ஆரம்பித்தார். அடுத்து ரேடியோ லண்டன் என்று இன்னொரு கப்பல், கண்ணிவெடி அகற்றும் பழைய அமெரிக்கக் கடற்படைக் கப்பல் அது. பின்னாளில் பிபிசியில் பேர்பெற்ற அறிவிப்பாளர் ஜான் பீல் அதில்தான் நள்ளிரவு நிகழ்ச்சி செய்தார். அரசு 1967 ஆகஸ்டில் சட்டம் போட்டு இந்தக் கப்பல் நிலையங்களை முடக்கியது. அதற்கு அடுத்த மாதம், செப்டம்பர் 30-ல்தான் பிபிசி ரேடியோ ஒன்று பிறந்தது. தன் நாட்டு வானொலி கொடுக்காததை வெளியிலிருந்து வரும் அலையில் தேடிக் கேட்டவன் லண்டன் பையன். பொன்மலைப் பையனும் அதைத்தான் செய்தான். லண்டன் பையனுக்குச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு எழுத வேண்டியவர்கள் எங்களை நம்பவே மாட்டேன் என்கிறார்கள்.

சாதாரணத் தமிழனுக்கும் அந்த இசைக்கும் சம்பந்தமில்லை என்ற பேச்சு இந்தக் கட்டுரையோடு வந்ததல்ல. பல வருடமாகக் கேட்கிறேன். 1964-ல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் வேலை கேட்டுப் போராடும் பாட்டுக்குத் தியேட்டரில் ஆடியவர்கள் யார்? மெல்லிசை மன்னர்கள் அந்தத் தாளத்தைக் கான்வென்ட் பிள்ளைகளுக்காகவா போட்டார்கள்? இன்னொன்றும் சொல்கிறேன். 1967-ல் பீட்டில்ஸின் இசைத்தட்டு ஒன்றைப் பிரிட்டனின் அதிகாரப்பூர்வ இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தோடு நிறுத்திவிட்டு முதலிடத்தில் நின்றவர் பாடகர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். 1936-ல் மதராஸில் பிறந்தவர் அவர். எனக்கு அவரைவிட பீட்டில்ஸ்தான் உயிர். ஆனாலும் அந்தச் செய்தியை ரேடியோவில் கேட்டபோது படிக்கட்டில் இருந்த நாங்கள் எல்லாரும் கைதட்டினோம்.

ஒரு தனியார் பண்பலை நிலையத்துக்குச் சில வருடங்களுக்கு முன் போன் செய்து, வாரத்தில் ஒரு மணி நேரம் அறுபதுகளின் பாட்டுப் போடக் கூடாதா என்று கேட்டேன். பழைய பாட்டு போடுகிறோமே அங்கிள், தொண்ணூறுகளிலிருந்து போடுகிறோம் என்றார் அந்தப் பெண். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் காலம் அவர்கள் கணக்கிலேயே இல்லை. உங்கள் பத்திரிகையும் வேறு மாதிரி நடந்துகொள்ளவில்லை. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன்ஸின் டிரம்மர் சார்லி வாட்ஸ் காலமானார். நான் ஓர் அஞ்சலி எழுதி அனுப்பினேன். கிடைத்தது என்றுகூடப் பதில் வரவில்லை. நேயர்களுக்கு என்று நீங்கள் வைத்திருந்த அரைப் பக்கமும் சொல்லாமல் கொள்ளாமல் நின்று போயிற்று. அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் விருதுநகரிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் எனக்குக் கடிதம் எழுதியவர்கள் உண்டு. ஒருவர் ஓய்வு பெற்ற லைன்மேன். கிங்க்ஸ் பாட்டு ஒன்றின் ஆரம்ப கிடாரை வாயாலேயே வாசித்துப் போனில் கேட்கவைத்தார். அரை மணி நேரம் பேசினோம், அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, குரலில் அவ்வளவு சந்தோஷம். இவர் யூடியூபில் கேட்டுவிட்டுக் கதை விடுகிறவரா?

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. வாராவாரம் கொழும்பில் சொன்ன ஹிட் பரேட் வரிசையைக் கேட்டு எழுதியது. பாட்டின் பெயர்கள் பல இடத்தில் தமிழ் எழுத்தில்தான் இருக்கின்றன, ஆங்கிலத்தில் எழுதும் வேகம் எங்களுக்கு இல்லாததால். என் கையெழுத்தும் டெய்லர் கடை நண்பனின் கையெழுத்தும் மாறி மாறி வரும். அவன் இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை அவன்தான் எழுதியிருப்பான், என்னைவிடக் கோபமாக.

உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அந்த வாக்கியத்துக்கு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள், பிபிசி பற்றிய தவறையும் சேர்த்து. அதன் கீழேயே, அறுபதுகளில் கொழும்பு ஆங்கில சேவை கேட்டவர்கள் ஊரையும் கேட்ட பாட்டையும் ஒரு போஸ்ட் கார்டில் எழுதி அனுப்பலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வருகிற கார்டுகளை நீங்கள் அச்சிட வேண்டும் என்றுகூட இல்லை. எனக்கு அனுப்பி வையுங்கள், தபால் செலவை நான் கொடுத்துவிடுகிறேன்.

நோட்டின் முதல் நான்கு பக்கங்களின் ஜெராக்ஸ் இத்துடன் இருக்கிறது. கட்டுரையாளரிடம் தயவுசெய்து காட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
பொன்மலை, திருச்சி