படி ஏற ஆரம்பித்துவிட்டேன், அக்கா

கிளேட்டன், மெல்போர்ன்
ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ, அத்தான், பிள்ளைகள் எல்லாரும் சுகம்தானே?

போனில் பேசினால் பாதி நேரம் பேத்தி போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். மீதி நேரம் நீ "சாப்பிட்டியா, குளிருதா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் மகள் போன வாரம் ஒன்று சொன்னாள். நீ படித்துறைக்குப் போவதை விட்டுவிட்டாயாம், மாடிக்கும் ஏறுவதில்லையாம், துணி காயப்போடக்கூட ஆள் வைத்திருக்கிறாயாம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கல்லிடைக்குறிச்சியில் இருந்துகொண்டு நீ தாமிரபரணிக்குப் போகவில்லை என்றால் எனக்கு என்னமோ செய்கிறது. உன் முழங்காலும் என் முழங்காலும் ஒரே அம்மா கொடுத்ததுதானே. அதனால் நான் இங்கே பட்டதை உனக்கு விவரமாகச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரியில் வந்தபோது இங்கே நல்ல வெயில். ஏப்ரல் முடிவதற்குள் குளிர் வந்துவிட்டது. மகன் வீடு மாடி வீடு. படுக்கை அறையும் குளியலறையும் மேலே, சமையலறை கீழே. காலையில் ஒரு தடவை இறங்கினால், மறுபடி ஏற வேண்டுமே என்று பயந்து சாயங்காலம் வரை சோபாவிலேயே கிடப்பேன். ஊரில் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து "தேய்ஞ்சு போச்சும்மா, படி ஏறாதீங்க, கீழே உட்காராதீங்க, ரெஸ்ட் எடுங்க" என்று சொன்னாரே, அதை நான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். தேய்ந்ததை இன்னும் தேய்க்கக் கூடாது என்று நினைத்தேன். நீயும் அப்படித்தான் நினைக்கிறாய் என்று தெரியும்.

இங்கே உடம்புக்கு எது வந்தாலும் முதலில் குடும்ப மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும், ஜி.பி. என்பார்கள். ஊசியோ ஆபரேஷனோ என்று நடுங்கிக்கொண்டு போனேன். அவர் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரம் கால் இறுகி இருக்கும் என்று கேட்டார். "கால் மணி நேரம், அப்புறம் சரியாகிவிடும்" என்றேன். அதை வைத்தே இது தேய்மானம்தான், முடக்குவாதம் இல்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாமாம். முடக்குவாதம் என்றால் இறுக்கம் அரை மணி, ஒரு மணி என்று நீளும், விரல் மூட்டுகள் இரண்டு கையிலும் வீங்கிச் சூடாக இருக்கும், அதற்கு மருந்தே வேறு. மறுபடி எக்ஸ்ரே வேண்டாம் என்றார். படத்தில் தெரிகிற தேய்மானத்துக்கும் நாம் படுகிற வலிக்கும் பல பேருக்குப் பொருத்தமே இருக்காதாம். ஆண்டுக்கு 5 தடவை அரசாங்கக் காப்பீட்டில் பிசியோதெரபிஸ்ட், உணவு ஆலோசகர் போன்றவர்களைப் பார்க்கலாம், அதற்கு எழுதிக் கொடுத்தார். பிசியோதெரபிஸ்ட் நடத்துகிற குழுப் பயிற்சி வகுப்புக்கு மட்டும் மகன் பணம் கட்டினான்.

அந்த வகுப்புக்குப் பெயர் கிளாட். 2013-ல் டென்மார்க்கில், தெற்கு டென்மார்க் பல்கலைக்கழகத்து ஆட்கள் தொடங்கியது. இங்கே லா ட்ரோப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. முதலில் இரண்டு நாள் உட்கார வைத்துப் பாடம் சொல்கிறார்கள். அப்புறம் வாரம் இரண்டு தடவை, 6 வாரம், மொத்தம் 12 வகுப்பு. பிசியோதெரபிஸ்ட் கூடவே நின்று ஒவ்வொருவரையும் திருத்துவார். எங்கள் குழுவில் 7 பேர். ஓக்லியிலிருந்து வரும் கிரேக்கப் பாட்டி ஒருத்தி, ரிட்டயர் ஆன டிராம் ஓட்டுநர் ஒருவர், ஒரு வியட்நாம் அம்மா, இன்னும் மூன்று பேர், நான். எல்லாருக்கும் இடுப்போ முழங்காலோ. என் இங்கிலீஷ் தெரிந்ததுதானே உனக்கு. ஆனால் வலி என்று ஒருத்தர் முகத்தைச் சுளித்தால் மற்ற ஆறு பேருக்கும் புரிந்துவிடும்.

பாடத்தில் அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண் சொன்ன ஒன்றைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். மூட்டு முனையில் இருக்கிற குருத்தெலும்பில் ரத்தக் குழாயே கிடையாதாம். மூட்டுக்குள் இருக்கிற நீரிலிருந்துதான் அதற்கு ஆகாரம். காலை ஊன்றும்போது அது அமுங்கி நீரை வெளியே விடும், எடுக்கும்போது உறிஞ்சிக்கொள்ளும், பாத்திரம் தேய்க்கிற பஞ்சு மாதிரி. அசையாமல் உட்கார்ந்தால் அதற்குப் பட்டினி. கூடவே தொடைத் தசையும் வற்றிப் போகும். தசை வற்றினால் பாரம் எல்லாம் மூட்டின் மேலேயே விழும். அதைக் கேட்டதும் நான் சோபாவில் கழித்த இரண்டு மாசமும் கண் முன்னால் வந்தது. அழுகையாக வந்தது அக்கா. மூட்டைக் காப்பாற்றுகிறேன் என்று பட்டினி போட்டிருக்கிறேன்.

முதல் நாள் பரிட்சை ஒன்று வைத்தார்கள். கைப்பிடி இல்லாத நாற்காலி, கையை மார்பில் குறுக்கே கட்டிக்கொள்ள வேண்டும், 30 விநாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவார்கள். நான் 7. அந்தக் கிரேக்கப் பாட்டிக்கு என்னைவிட எட்டு வயது அதிகம், 10 எடுத்தாள்.

பயிற்சி ஒன்றும் பெரிய வித்தை கிடையாது. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, ரப்பர் பட்டையைக் கணுக்காலில் மாட்டி இழுப்பது, சின்னப் படியில் ஏறி இறங்குவது. எனக்கு மனசில் நிற்பது துணியை வைத்துச் செய்வதுதான். ஒரு காலுக்கு அடியில் கைக்குட்டை அளவு துணி. இன்னொரு காலில் நின்றுகொண்டு, துணி இருக்கிற காலை வழவழப்பான தரையில் பின்னால் சறுக்கவிட்டு, மெதுவாகத் திரும்ப இழுக்க வேண்டும். எதிரே ஆள் உயரக் கண்ணாடி. நான் வலது காலில் நின்றபோது முழங்கால் இடது பக்கமாக உள்ளே சாய்ந்தது. எனக்குத் தெரியவே இல்லை. அந்தப் பெண் குனிந்து என் முட்டிச் சில்லில் ஒரு விரலையும் பெருவிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு விரலையும் வைத்து "இது அதுக்கு நேர் மேலே" என்று காட்டினாள். திரும்பச் செய்தேன். தொடை வெடவெடவென்று நடுங்கியது, ஆனால் முழங்கால் நேராக நின்றது. இத்தனை வருஷம் படி ஏறும்போதெல்லாம் அது உள்ளே சாய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒருத்தரும் பார்த்துச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று பார்க்கிற ஆள் வேண்டும் என்பது இதற்காகத்தான்.

வலிக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சைபரிலிருந்து பத்து வரை. 2 வரை இருந்தால் கவலை இல்லை. 5 வரை தாங்கலாம். அதற்கு மேலே போகக் கூடாது. பயிற்சி செய்து 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். இரண்டாவது வகுப்புக்கு மறுநாள் எனக்கு 6. "நான் சொல்லலையா, தேய்ந்த காலைத் தேய்ச்சுட்டாங்க, இனி போக மாட்டேன்" என்று படுத்துவிட்டேன். மகன் அந்தப் பெண்ணுக்குப் போன் பண்ணிக் கேட்டான். நிறுத்த வேண்டாம், அடுத்த தடவை படியின் உயரத்தைக் குறைக்கிறேன், எண்ணிக்கையைக் குறைக்கிறேன் என்றாள். அப்படியே செய்தாள். மூன்றாவது வாரம் வலி 3-க்கு வந்தது. அன்றோடு நான் போகாமல் நின்றிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன், நீ அதற்காகத்தான் காத்திருப்பாய். சோறு வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். அந்த உணவு ஆலோசகர் அப்படிச் சொல்லவில்லை. மூன்று நாள் சாப்பிட்டதை எல்லாம் எழுதி வரச் சொன்னாள். பார்த்துவிட்டு, தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ பயறோ தயிரோ முட்டையோ என்றாள். நம் வீட்டுத் தட்டை நினைத்துப் பார். முக்கால் தட்டு சோறு, ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியல். வயசானால் தசைக்குப் புரதம் கூடுதலாக வேண்டும், பயிற்சி செய்கிறவர்களுக்கு இன்னும் முக்கியம் என்றாள். சைவச் சாப்பாடு என்பதால் சாயங்காலம் முறுக்குக்குப் பதில் பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ சுண்டல் வைத்துக்கொள்கிறேன். சொதியை விட முடியாது, அதை அவளிடமே சொன்னேன். மாசத்துக்கு இரண்டு தடவை வை, தேங்காய்ப்பாலைப் பாதியாக்கு, கேரட்டும் பீன்ஸும் முருங்கைக்காயும் இரண்டு பங்கு போடு என்றாள். நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஊர் அப்பளத்தை இப்போது பொரிப்பதில்லை, அடுப்பில் சுட்டுக்கொள்கிறேன்.

தக்காளி, கத்தரிக்காய், உருளை எல்லாம் வாயு, மூட்டுக்கு ஆகாது என்று நம் பெரியம்மா சொல்வாளே, அதையும் கேட்டேன். எல்லாரும் விலக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லையாம். முடக்கத்தான் தோசை பற்றிச் சொன்னேன். கீரை நல்லதுதான், தாராளமாகச் சாப்பிடு, அதையே மருந்து என்று நம்பிப் பயிற்சியை விட்டுவிடாதே என்றாள். நியாயமாகப் பட்டது.

எடையைப் பற்றி ஒரு கணக்கு சொன்னார்கள், அதைக் கேட்டதிலிருந்து இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்ளக் கை வரவில்லை. அமெரிக்காவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் அளந்து 2005-ல் எழுதியிருக்கிறார்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மேல் விழுகிற பாரம் 4 கிலோ குறைகிறதாம். 2013-ல் அதே ஆட்கள் இன்னொன்றும் வெளியிட்டார்கள். முழங்கால் தேய்மானமும் கூடுதல் எடையும் உள்ள 454 பேரை 18 மாசம் பார்த்தார்கள். சிலருக்கு உணவு மட்டும், சிலருக்குப் பயிற்சி மட்டும், சிலருக்கு இரண்டும். இரண்டும் செய்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது, எடையும் சராசரியாக 10 கிலோவுக்கு மேல் இறங்கியது. நான் அவ்வளவெல்லாம் குறையவில்லை. 76-ல் தொடங்கினேன், இப்போது 72. நாலு கிலோ. நாலு நாலு பதினாறு. ஒவ்வொரு அடிக்கும் பதினாறு கிலோ, 25 கிலோ அரிசி மூட்டையில் பாதிக்கு மேல், என் முழங்காலிலிருந்து இறங்கியிருக்கிறது.

வலி அடியோடு போய்விட்டது என்று எழுதினால் பொய். காலையில் இன்னும் இறுகத்தான் செய்கிறது. கோயிலில் சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார முடியவில்லை. ஆனால் மேலே கீழே நாலு தடவை ஏறி இறங்குகிறேன். வகுப்பு முடிந்த பிறகும் வீட்டில் வாரம் மூன்று நாள் அதே துணி, அதே நாற்காலி. கிளேட்டன் ரயில் நிலையத்தில் ரயில் தூண்கள் மேலே ஓடுகிறது, பிளாட்பாரத்துக்கு ஏறித்தான் போக வேண்டும். வந்த புதிதில் லிப்டில்தான் போவேன். போன புதன்கிழமை பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு படியிலேயே ஏறினேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். இதை நீயும் மனசில் வைத்துக்கொள், படித்துறைக்கும் இதேதான். மேலே போனதும் மூச்சு வாங்கியது, கால் வலிக்கவில்லை.

அதனால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், தட்டாதே. முதலில் டாக்டரைப் பார்த்து இது தேய்மானம்தானா என்று உறுதி பண்ணிக்கொள். உனக்கு விரல் வீங்குகிறது என்று ஒரு தடவை சொன்னாய், அதை மறைக்காமல் சொல்லு. அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கச் சொல்லு. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசாங்கத் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். காசு அனுப்ப வேண்டுமென்றால் நான் அனுப்புகிறேன், அத்தானிடம் சொல்லத் தயங்காதே. நான் எழுதியதை வைத்து நீயாகத் தரையில் துணி போட்டுச் சறுக்கப் பார்க்காதே, பக்கத்தில் ஆள் நிற்கட்டும்.

நாற்காலிப் பரிட்சையை மட்டும் இப்போதே செய்யலாம். சாப்பாட்டு மேஜை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடு. உன் மகள் பக்கத்தில் நின்று போனில் 30 விநாடி பார்க்கட்டும். கையை மார்பில் கட்டிக்கொள். போன செவ்வாய்க்கிழமை எனக்கு மூன்று மாசப் பரிட்சை வைத்தார்கள், 11 எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவேன். உன் எண்ணிக்கை எவ்வளவு என்று முதலில் அதைச் சொல்லு, சாப்பிட்டியா என்பதை அப்புறம் கேட்கலாம்.

அன்புடன்,
உன் தங்கச்சி