கிராமத்து உணவு வங்கிக்கு முதலில் வண்டி கொடுங்கள்

பேரிடர்த் திட்டம் தீட்டும் அதிகாரிகளுக்கும் நிவாரண நிதியை ஒதுக்குபவர்களுக்கும்,

வணக்கம். கோவிட் காலத்து உணவு நிவாரணத்தைப் பற்றிய பேச்சு எப்போதும் டன் கணக்கிலேயே போகிறது. எவ்வளவு வந்தது, எத்தனை பொட்டலம் போனது என்பதோடு அறிக்கை முடிந்துவிடுகிறது. கிராமத்து உணவு வங்கியில் மூட்டை தூக்கியவர்களைக் கேளுங்கள், தூரம்தான் எங்களைப் படுத்தியது என்பார்கள். கிடங்கில் பொருள் இருந்த நாட்களிலும் கடைசி வீட்டுக்கு அது போய்ச் சேரவில்லை. அடுத்த பெருந்தொற்றுக்கான திட்டத்தில் அந்தத் தூரத்துக்கும் பணம் ஒதுக்குங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் கோவிடைப் பெருந்தொற்று என்று சொன்னது 2020 மார்ச் 11 அன்று. அதையொட்டிய வாரங்களில் உணவு வங்கிகளின் வரத்து ஆட்டம் கண்டது. கடைகள் விற்க முடியாமல் ஒதுக்கும் நல்ல உணவைப் பசித்தவர்களிடம் சேர்ப்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. 1967இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் முதல் உணவு வங்கியைத் தொடங்கியதும் இதற்காகத்தான். ஆனால் 2020இல் மக்கள் பயந்துபோய் வாங்கிக் குவித்ததில் கடைகளில் மிச்சமே விழவில்லை. அதே சமயம் உணவகங்களும் பள்ளிகளும் மூடப்பட்டதால், வாங்க ஆளில்லாமல் பல இடங்களில் விவசாயிகள் பாலைக் கொட்டினார்கள், விளைந்த காய்கறியை வயலிலேயே உழுதுவிட்டார்கள். அங்கிருந்து பசித்த வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு வண்டியும், வைத்துக் காக்க ஒரு குளிர் அறையும் இருந்திருந்தால் அதில் ஒரு பகுதியையாவது காப்பாற்றியிருக்கலாம். என்னால் இன்னும் ஆறமுடியாத விஷயம் இது.

நகரத்தில் வரிசையில் நின்று பொருள் வாங்கலாம். கிராமத்தில் அப்படி முடியாது. வீடுகள் தள்ளித்தள்ளி இருக்கின்றன, பேருந்து நின்றுபோனால் வயதானவர்கள் நடந்து வர வழியில்லை. வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்றால் யாருமே வெளியே வரக்கூடாது, அந்த வீட்டு வாசலுக்கு நாம்தான் போக வேண்டும். போவதற்கு ஆள்? இந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறவர்களில் ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். அந்த வயதுக்காரர்களைத்தான் நோய் கடுமையாகத் தாக்கியது, அவர்களை வீட்டில் இருக்கச் சொன்னதில் தவறும் இல்லை. மிச்சமிருந்த சிலர் சொந்த வண்டியில், சொந்தக் காசில் எரிபொருள் போட்டு ஓடினார்கள். ஒரு திட்டம் இதை நம்பி இருக்கக்கூடாது.

அப்புறம், யாருக்குக் கொடுப்பது? பெருந்தொற்றில் வருமானம் நின்றவர்களில் நிறையப் பேர் அதற்கு முன் யாரிடமும் கை நீட்டாதவர்கள். கூலி வேலை செய்தவர்கள், சின்னக் கடை வைத்திருந்தவர்கள். எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில், நிவாரண வண்டி வாசலில் நிற்பதைப் பார்க்க நேர்வதைவிடப் பட்டினியே மேல் என்று நினைப்பவர்கள் உண்டு. அதனால் பெயர் எழுதாத பை, விளம்பரம் ஒட்டாத வண்டி, பொருள் வாங்குபவரைப் படம் எடுக்காத பண்பு ஆகியவை நிபந்தனையாகவே இருக்க வேண்டும். சான்றிதழ் கேட்டும் இணையத்தில் பதியச் சொல்லியும் அலைக்கழிக்காதீர்கள். சிக்னலே வராத இடத்தில் இணையப் பதிவு என்பது கதவைச் சாத்துவதற்குச் சமம். யார் தனியாக இருக்கிறார், யார் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, யாரிடம் சமைக்க எரிபொருள்கூட இல்லை என்பது உள்ளூர் உணவு வங்கிக்குத் தெரியும். அந்த அறிவை நம்புங்கள், கணக்கைப் பின்னால் சரிபார்க்கலாம்.

பள்ளிகள் மூடியபோது உலகெங்கும் சுமார் 37 கோடிக் குழந்தைகளுக்குப் பள்ளி உணவு நின்றதாக உலக உணவுத் திட்டம் கணக்கிட்டது. இன்னொரு பெருந்தொற்றில் பள்ளி மூடும் உத்தரவு போகும் அன்றே, அந்தக் குழந்தைகளின் வீடுகள் எவை என்ற விவரமும் உணவு வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும்.

உணவு வங்கி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கடை பக்கத்தில் இருந்து பொருளும் கிடைத்தால், கையில் பணம் கொடுப்பதே நல்லது. என்ன வாங்குவது என்பதை அந்தக் குடும்பமே தீர்மானிக்கட்டும். நாம் கட்டிக் கொடுக்கும் பொட்டலத்தில் சர்க்கரை நோயாளிக்கு ஆகாததும் இருக்கும், குழந்தைக்கு வேண்டியது இல்லாமலும் போகும். ஆனால் பணம் வந்து சேரும் வரை அடுப்பு எரிய வேண்டும். பணம் இருந்தும் கடைக்குப் போக முடியாத வீடுகளும் இருக்கின்றன. 2020இல் உலகில் 72 முதல் 81 கோடிப் பேர் வரை பசியில் இருந்ததாக ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன. அந்த ஆண்டின் நினைவு மங்குவதற்குள் அடுத்த பெருந்தொற்றுக்கான திட்டம் தயாராக வேண்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். கிராமத்து உணவு வங்கிகளை அத்தியாவசியச் சேவை என்று இப்போதே அறிவியுங்கள், ஊரடங்கு வந்தபின் அனுமதிச் சீட்டுக்காக அவர்களை அலைய விடாதீர்கள். வண்டி, எரிபொருள், ஓட்டுநர் சம்பளம், குளிர் அறையின் மின்கட்டணம் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு வையுங்கள். வயதான தன்னார்வலர்களுக்கு மாற்றாக வரக்கூடிய இளைஞர்களின் பட்டியலைத் தயாராக வைத்து, அவர்களுக்குப் பயிற்சியும் பாதுகாப்புச் சாதனமும் காப்பீடும் கொடுங்கள். உங்கள் திட்டத்தின் வரைவை ஒப்புதலுக்கு அனுப்பும் முன், அதை ஒரு கிராமத்து உணவு வங்கியிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
உணவு வங்கித் தன்னார்வலர் ஒருவர்