றூஜ் காட்டுக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போவோருக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவின் ஸ்காபுறோவிலும் பக்கத்து மார்க்கம் நகரிலும் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கும், ஊர்ச் சங்கங்களின் கோடை ஒன்றுகூடலை ஒழுங்குசெய்வோருக்கும், பெற்றோருக்கும்,

வணக்கம்.

நம் வீடுகளுக்குப் பக்கத்திலேயே ஆறும் காடும் இருக்கின்றன. ஒன்ராறியோ ஏரிக்கரையிலிருந்து வடக்கே ஓக் றிட்ஜஸ் மேட்டுநிலம் வரை போகும் றூஜ் பூங்கா, 2015இல் கனடாவின் முதல் தேசிய நகரப் பூங்காவானது. முழுப் பரப்பு 79.1 சதுர கிலோமீட்டர். நுழைவுக் கட்டணம் கிடையாது. இருந்தும் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகும் திட்டங்கள் பல, பெரியவர்களின் காலுக்கு அளந்து போடப்படுகின்றன. இந்த ஆண்டுத் திட்டத்தைச் சின்னக் காலுக்கு அளந்து போடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

முதலில் தூரம். நான்கு வயதுப் பிள்ளைக்குக் காட்டில் ஒரு கிலோமீட்டர் என்பது முக்கால் மணிநேரம், சில நாள் ஒரு மணிநேரம். விழுந்த மரத்தில் ஏறவேண்டும், எறும்பைப் பார்க்கவேண்டும், தடி பொறுக்கவேண்டும். அதற்குத்தானே கூட்டிப்போகிறோம்! மாஸ்ற் தடம் 2.2 கிலோமீட்டர். கப்பற் பாய்மரத்துக்கு மரம் வெட்டி இழுத்த பழைய வழி என்ற கதை பெரியவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் ஏற்றமும் வேரும் உள்ள பாதை அது, சின்னவர்களுக்கு வேண்டாம். விஸ்ற்றா தடத்தை எடுங்கள். ஒரு வழி ஒன்றரைக் கிலோமீட்டர். விலங்குக் காட்சிசாலைப் பக்கமுள்ள சூ வீதியில் தொடங்கினால், பள்ளத்தாக்கைப் பார்க்கும் மரமேடை முதலில் வரும், ஆற்றை நோக்கிய இறக்கம் பிறகு வரும். மேடையில் இருந்து சாப்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்புங்கள். கீழே ஆற்றடியிலுள்ள ற்வின் றிவர்ஸ் வீதி வரை இறங்கிவிட்டால், களைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அத்தனையும் ஏறவேண்டும். தள்ளுவண்டியை வேர்களும் சரளைக் கல்லும் மறிக்கும். கைக்குழந்தையை உடம்போடு கட்டும் பையில் கொண்டுபோங்கள்.

காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மதியத்துக்குள் வாகனத்துக்குத் திரும்புவது நல்லது. யூலையில் அதன் பிறகு புழுக்கம் கூடும், இடிமழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் வாகனத்துக்குப் போங்கள். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் உள்ளேயே இருங்கள். பலத்த காற்று நாளில் நடையைத் தள்ளிப்போடுங்கள். மரகத ஆஷ் வண்டு கொன்ற ஆஷ் மரங்கள் நின்றபடியே பட்டுப்போயிருக்கும், அவற்றின் கொப்புகள் சொல்லாமல் விழும்.

நாற்பது பேர் ஒரே வரிசையாகப் போவதை விடுங்கள். முன்னுக்குப் போவோர் நின்று காத்திருப்பார்கள், பின்னுக்கு வருவோர் ஓடுவார்கள். இரு பக்கமும் பிள்ளைகள் தடத்தை விட்டு இறங்குவது அப்போதுதான். நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் மூவருக்கு ஒரு பெரியவர், தண்ணீர்ப் பக்கம் இருவருக்கு ஒருவர். எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு குழு, குழுவுக்குக் குழு பத்து நிமிட இடைவெளி. கடைசியில் நடப்பவர் முதலுதவிப் பையோடு நடக்கட்டும். நடை தொடங்கும் இடத்திலேயே எல்லோரும் கழிவறைக்குப் போய்வரட்டும். தடத்தின் நடுவில் வசதி இல்லை. 911ஐ அழைக்க நேர்ந்தால் தடத்தின் பெயரையும் வாகனம் நிற்கும் வீதியின் பெயரையும் சொல்ல, பொறுப்பான பெரியவர்கள் எல்லோருக்கும் அவை தெரிந்திருக்கவேண்டும்.

ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். றூஜ் ஆற்றுக்கும் சின்ன றூஜ் ஆற்றுக்கும் தண்ணீர் வருவது மேலேயுள்ள ஊர்களிலிருந்து. தார் வீதியிலும் கூரையிலும் விழும் மழை நிலத்தில் ஊறாமல் நேரே ஆற்றுக்கு ஓடும். அதனால் உங்கள் தலைக்கு மேல் வெயில் எறித்தாலும், வடக்கே பெய்த மழைக்கு இங்கே தண்ணீர் ஏறலாம். மண்ணிறமாகக் கலங்கி, தடியும் நுரையும் மிதந்து வந்தால் அன்றைக்கு ஆறு மேலிருந்து பார்ப்பதற்கு மட்டுமே. தெளிந்து ஓடும் நாளிலும் இறங்கும் இடம் முக்கியம். வளைவின் வெளிப்பக்கக் கரையை ஆறு அடியில் குடைந்திருக்கும். மேலே புல் உறுதியாகத் தெரியும், கீழே மண் இருக்காது. பிள்ளை விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் கரையோடு சேர்ந்து போகும். வளைவின் உட்பக்கம் கூழாங்கல் திட்டு, தண்ணீர் மெல்ல ஆழமாகும். கல் எறிந்து விளையாடுவது அங்கேதான். பிள்ளையின் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம், பெரியவர் பிள்ளைக்குக் கீழ்நீர்ப் பக்கம் நிற்கவேண்டும். ஆறு ஏரியில் கலக்கும் றூஜ் கடற்கரைக்குப் போவதென்றால், பெருமழைக்குப் பிறகு 48 மணிநேரம் குளிப்பைத் தவிருங்கள்.

அடுத்தது உண்ணி. பலர் காட்டையே வேண்டாம் என்பதற்கு இதுதான் காரணம், சிலர் எந்தக் கவனமும் எடுக்காததும் இதில்தான். லைம் என்ற பக்ரீரியா நோயைக் கடத்தக்கூடிய கருங்கால் உண்ணி றூஜில் இருக்கிறது. வெப்பநிலை 4 பாகைக்கு மேல் போனாலே அது நடமாடும். மே, யூனில் வரும் இளம் உண்ணி கசகசா அளவு, பெரியது எள்ளளவு. அது பறக்காது, குதிக்காது. புல் நுனியில் காத்திருந்து உரசும் காலில் ஒட்டும். ஆகவே தடத்தின் நடுவில் நடப்பதே பாதிக் காவல். வெளிர்நிற நீளக் காற்சட்டையை மேசுக்குள் செருகிவிடுங்கள், சப்பாத்து மூடியதாக இருக்கட்டும். ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குப் பூச்சிவிரட்டி பூசக்கூடாது. அதற்கு மேல் 20 வீத இக்காரிடின் கலந்த விரட்டி சரி. டீட் (DEET) கலந்தது என்றால் பன்னிரண்டு வயது வரை 10 வீதத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு வயதுக்குக் கீழ் நாளுக்கு ஒரு தடவை மட்டும். முகத்திலும் கையிலும் பூசவேண்டாம், பிள்ளைகள் வாயில் வைப்பார்கள்.

வீட்டுக்குப் போனதும் உடுப்பைத் தோய்க்கும் முன்பே உலர்த்தியில் அதிக சூட்டில் குறைந்தது பத்து நிமிடம் போடுங்கள். உண்ணி தண்ணீருக்குத் தப்பும், வறண்ட சூட்டுக்குத் தப்பாது. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது தலைமயிர் ஓரம், காதின் பின்புறம், கமக்கட்டு, தொப்புள், இடுப்பு, தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேரே இழுங்கள். தேங்காயெண்ணெய், நகப்பூச்சு, தீக்குச்சி எதுவும் வேண்டாம். அவை உண்ணியின் வயிற்றிலுள்ளதைக் காயத்துக்குள் வெளியேற்றச் செய்யும். உண்ணியைச் சின்னப் போத்தலில் போட்டு, நாளைக் குறித்து வையுங்கள். நோய் தொற்றப் பெரும்பாலும் 24 மணிநேரத்துக்கு மேல் கடித்தபடி இருக்கவேண்டும் என்பதால் அன்றிரவே பார்ப்பது பெரிய பாதுகாப்பு. அதற்கு மேல் இருந்திருக்கும் என்று தோன்றினால் 72 மணிநேரத்துக்குள் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். பிறகு முப்பது நாள் வரை காய்ச்சலோ பரவும் சிவப்போ வந்தாலும் காட்டத்தான் வேண்டும். இவ்வளவையும் அரைப் பக்கத்தில் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பெற்றோர் கையிலும் கொடுங்கள். வகுப்புக் குழுவில் போடும் செய்தி அம்மம்மாவின் கண்ணுக்கு எட்டாது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது பல வீடுகளில் அவர்தான்.

தோலில் பட்டால் அரித்துக் கொப்புளம் போடும் நச்சுக்கொடி (பொய்சன் ஐவி) தடத்தோரம் நிறைய. மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். பட்டால் உடனே சவர்க்காரமும் குளிர்ந்த நீரும்.

சாப்பாட்டுக்குக் கையில் பிடித்துத் தின்னக்கூடிய கட்லட், பணிஸ், பழம் போதும். ஒரு பிள்ளைக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர். வாத்துக்குப் பாண் போடவேண்டாம். பூவும் கல்லும் எடுத்துவருவது சட்டப்படி கூடாது, எனவே பொறுக்கிய தடியைத் திரும்பும்போது காட்டிலேயே போடவைத்துப் பழக்குங்கள். அழுவார்கள், பரவாயில்லை.

கோடையில் ஒழுங்குசெய்ய முடியாதவர்கள் செப்டெம்பர் கடைசியில் வாருங்கள். ஏரியிலிருந்து சினூக் சமன் மீன்கள் முட்டையிட ஆற்றில் ஏறிவரும் காலம். ற்வின் றிவர்ஸ் வீதிப் பாலத்தடியில், தண்ணீர் குறைந்த இடத்தில் முதுகு தெரிய மீன் உந்திப் போவதை மூன்று வயதுப் பிள்ளையும் பார்க்கும். நடக்கவேண்டிய தூரமும் மிகக் குறைவு. ஒளித்தெறிப்பைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி இருந்தால் தண்ணீருக்குள் இன்னும் தெளிவாகத் தெரியும். கல் எறியாமல், நாயைக் கட்டி வைத்து, கரையில் குந்தியிருந்து பார்க்கச் சொல்லுங்கள். மழைக்கு அடுத்தடுத்த நாள், தண்ணீர் தெளிந்ததும் போனால் மீன் கூடுதலாக இருக்கும். அப்போதும் உண்ணி இருக்கும், மேசுக்குள் காற்சட்டையைச் செருக மறக்கவேண்டாம்.

அன்புடன்,
றூஜ் தடங்களில் சின்னப் பிள்ளைகளோடு நடக்கும் சிலர்