ஐப்பசி பொறந்து வா, அண்ணா

கராமா, துபாய்
ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் லெட்டரை சேகர் மாமா கொண்டுவந்து கொடுத்து பதினெட்டு நாள் ஆகுது. இவ்வளவு நாள் பதில் போடாம இருந்தது என் தப்பு. தினமும் ராத்திரி பேப்பரை எடுத்து வைப்பேன், ரெண்டு வரி எழுதறதுக்குள்ள தூக்கம் வந்துடும். பேசிடலாம்னா, வாட்ஸப்ல இங்கே மெசேஜ் மட்டும்தான் போகும், கால் போகாது. அந்த இன்னொரு ஆப்ல கூப்பிட்டா அம்மா பக்கத்துலயே உட்கார்ந்திருக்காங்க. அவங்க காதுல விழற மாதிரி இதையெல்லாம் பேச எனக்கு மனசு வரல. நீயும் அண்ணியும் மட்டும் தனியா படிங்க.

நான் நல்லா இருக்கேன். சாப்பாட்டுக்குக் குறையில்ல. கராமாவுல நம்ம ஆளுங்க ஹோட்டல் நிறைய இருக்கு, ராத்திரி பதினோரு மணிக்குக்கூட தோசை கிடைக்கும். ஆனா சாம்பார்ல எல்லாரும் வெல்லம் கொஞ்சம் தூக்கலா போடறாங்க, அது நம்ம வீட்டு ருசி இல்ல.

அடுத்த மாசமே மூணு பேரும் கிளம்பிடலாம்னு எழுதியிருக்கே. அண்ணியோட வீசிங்குக்கு பெங்களூர் குளிர் ஆகல, வெயில் ஊர்னா சரியாயிடும்னு எழுதியிருக்கே. அண்ணா, தயவுசெஞ்சு இதுல அவசரப்படாதே.

நம்ம ஊர்ல ஏப்ரல்ல 35 டிகிரி ஆனா ரோடெல்லாம் அதே பேச்சா இருக்கும். இங்கே இந்த ரெண்டு மாசமும் 45 வரைக்கும் போகுது. வெயில்கூட பொறுத்துக்கலாம், கடல் பக்கத்து ஈரம்தான் ஆளை அடிக்குது. ராத்திரி வாசக்கதவைத் திறந்தா இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி முகத்துல ஆவி வந்து மோதும். கண்ணாடி வெளுத்துப்போயிடும், அதைத் துடைச்சிட்டுதான் படி இறங்க முடியும். வெயில்ல நிக்கிற கட்டட வேலைக்காரங்களுக்கு ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் பன்னண்டரையிலேர்ந்து மூணு மணி வரை வேலை வாங்கக்கூடாதுன்னு சட்டமே போட்டிருக்காங்க. அப்படின்னா பாத்துக்கோ.

ஆனா நீயும் அண்ணியும் அந்த வெயில்ல இருக்கப்போறதில்ல. வீடு, பஸ், மெட்ரோ, ஆபீஸ், கடை எல்லாம் ஏசி. அம்மா பின்னிக் கொடுத்த நீல ஸ்வெட்டரை டிசம்பர்ல அல்சூர்ல போட்டதைவிட இங்கே ஜூலையில அதிகமா போட்டிருக்கேன். வெளியே மணல் தூசி, உள்ளே நாள் பூரா ஏசி, இது ரெண்டும் அண்ணிக்கு ஆகுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. வெயில் ஊர்னு மட்டும் சொன்னா அவர் சரின்னுதான் சொல்வார். மணல் காத்து அடிக்கிற நாள்ல எதிர் பில்டிங்கே தெரியாதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க. எனக்கே போன வருஷம் ரத்தம் எடுத்துப் பார்த்ததுல வைட்டமின் டி குறைவுன்னு வந்துது. இந்த வெயில்ல இருந்துட்டு எப்படின்னு கேட்டேன். வெயில் உங்க மேல எங்கேம்மா படுதுன்னு அந்த டாக்டர் அம்மா திருப்பிக் கேட்டாங்க.

பக்கத்து ஃப்ளாட் பாபாவைப் பத்தி சொல்லியிருக்கேன் இல்ல? பெஷாவர்க்காரர், நாப்பது வருஷமா சத்வாவுல தையல் வேலை. அவர்கிட்ட நான் நம்ம சிவாஜிநகர் உருதுவுலதான் பேசறேன். அதைக் கேட்டு அவருக்கு ஒரே சந்தோஷம், இதை யார் சொல்லிக்கொடுத்தான்னு வாரத்துக்கு ஒரு தடவை கேப்பார். தினமும் மதியம் லிஃப்ட்ல இறங்கி, கீழே கார் நிறுத்தற இடத்துல ஒரு சில்வர் கிண்ணத்துல தண்ணியும் ஐஸ் கட்டியும் வெச்சிட்டு வருவார், தெருப் பூனைங்களுக்கு. ஐஸ் கரையற வரைக்கும் அங்கேயே நிப்பார். ஜும்மா தொழுகை நாள்லகூட அது தவறாது.

முதல் ஜூன் மாசம் பாத்ரூம் குழாயைத் திறந்து கையை வெச்சேன், சுட்டுடுச்சு. தொட்டி மொட்டைமாடியில இருக்கு, நாள் பூரா வெயில்ல காயுது. பாபாதான் சொல்லிக்கொடுத்தார். மே கடைசியில கீசர் சுவிட்சை அணைச்சிடணும். அதுக்குள்ள இருக்கற தண்ணி வீட்டுக்குள்ளேயே இருந்து ஆறிடும். அப்புறம் சிவப்புப் பக்கம் திருப்பினா பச்சைத்தண்ணி, நீலப் பக்கம் திருப்பினா வென்னீர். அக்டோபர் வரைக்கும் இப்படித்தான். குட்டியைக் குளிப்பாட்டும்போது இதை மறக்கவே கூடாது, அண்ணிகிட்ட இப்பவே சொல்லி வை.

இப்போ பேப்பர் விஷயம். நான் அடிபட்டது இதுலதான். உன் டிகிரி சர்டிபிகேட்டுக்கு முதல்ல நம்ம மாநில அரசு முத்திரை, அப்புறம் வெளியுறவுத் துறை முத்திரை, அப்புறம் இந்த நாட்டுத் தூதரக முத்திரை. இங்கே வந்து இன்னொண்ணு. அண்ணியையும் குட்டியையும் கூப்பிட உங்க கல்யாண சர்டிபிகேட்டுக்கும் குட்டி பர்த் சர்டிபிகேட்டுக்கும் இதே சுத்து. சோமேஸ்வரர் கோயில்ல தாலி கட்டினதுக்குக் கொடுத்த ரசீது இங்கே செல்லாது, ரிஜிஸ்தர் ஆபீஸ்ல பதிஞ்சதுதான் வேணும். நீ பதிஞ்சியா இல்லையான்னு எனக்கு ஞாபகமில்ல. பதியலைன்னா நாளைக்கே போ. நான் டிகிரி ஒண்ணு போதும்னு கிளம்பி வந்துட்டேன். என் பையன் கண்ணனோட பர்த் சர்டிபிகேட் இன்னும் உங்க பீரோவுலதான் இருக்கு.

அண்ணி பாஸ்போர்ட்டை எடுத்துப் பாரு. சர்நேம்ங்கிற இடம் காலியா இருக்கும்னு நினைக்கிறேன். நமக்கெல்லாம் இன்ஷியல்தானே, அங்கே யார் என்ன எழுதினோம்? 2022 நவம்பர் 21-லேர்ந்து ஒத்தைப் பேர் மட்டும் இருக்கற பாஸ்போர்ட்டோட விசிட் விசாவுல வர்றவங்களுக்கு சிக்கல் ஆயிடுச்சு. அப்பா பேர் கடைசிப் பக்கத்துல இருந்தா ஏத்துக்கறோம்னு பின்னாடி சொன்னாங்க. ஆனா ஏர்போர்ட் கவுன்டர்ல நின்னுக்கிட்டு இதை விளக்க முடியாது. பேரைப் பிரிச்சுப் போட்டு புதுசா எடுத்துடுங்க.

ஆபர் லெட்டர்ல மொத்தச் சம்பளத்தை மட்டும் பாக்காதே, பேசிக் எவ்வளவுன்னு பாரு. வேலையை விடும்போது கொடுக்கற கிராஜுவிட்டி பேசிக் மேலதான். முதல் அஞ்சு வருஷம் வருஷத்துக்கு 21 நாள் சம்பளம், அதுக்கு மேல 30 நாள். பேசிக்கைக் குறைச்சு அலவன்ஸை ஏத்திக் காட்டினா பின்னாடி நஷ்டம் நமக்குத்தான். விசா செலவு கம்பெனியோடது, அது சட்டம். எந்த ஏஜென்ட் கேட்டாலும் ஒரு ரூபா கொடுக்காதே. விசிட் விசாவுல வா, வந்தப்புறம் மாத்திக்கலாம்னு சொன்னா முடியாதுன்னு சொல்லிடு. குடும்பத்தைக் கூப்பிட மாசம் 4000 திர்ஹாம் சம்பளம் வேணும், இல்ல 3000-ம் கம்பெனி வீடும். சட்டப்படி அது போதும், ஆனா குடும்பம் நடத்த அது பத்தாது.

வீடு இங்கே மாச வாடகை இல்ல. வருஷ வாடகைக்கு முன்கூட்டியே தேதி போட்டு செக் கொடுக்கணும். வருஷம் 60,000 திர்ஹாம்னு வை, நாலு செக்னு ஒத்துக்கிட்டா முதல் செக்கே 15,000. புரோக்கருக்கு 5 சதவீதம், 3000. அட்வான்ஸ் 5 சதவீதம், இன்னொரு 3000. கரண்ட், தண்ணிக்கு டெபாசிட் 2000. முதல் சம்பளம் கையில வர்றதுக்கு முன்னாடியே 23,000 போயாச்சு, வீட்டுல பாய்கூட இருக்காது. கரண்ட் பில்லோட மாசாமாசம் வீட்டு வரி வேற வரும், வாடகையில 5 சதவீதத்தைப் பன்னண்டா பிரிச்சு. ஏசி குளிர்ச்சிக்குத் தனி பில் வருமா, வாடகையிலயே சேர்ந்ததான்னு கேக்காம கையெழுத்து போடாதே. கோடையில அதுதான் வீட்டைக் கவுக்கும்.

நான் போன மாசம் வீடு மாத்திட்டேன். அதே மாடிதான், எதிர்ப்பக்கம். கூட மூணு பொண்ணுங்க இருக்காங்க, ரெண்டு பேர் நர்ஸ். எனக்கு ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும் தாராளமா போதும். பெரிய வீட்டைப் பெருக்கித் துடைக்கற வேலை மிச்சம். அம்மாகிட்ட இதைச் சொல்ல வேண்டாம், அவங்க சும்மா கவலைப்படுவாங்க.

அம்மான்னதும் ஞாபகம் வருது. சேகர் மாமா பையில அம்மா குருமாப் பொடி வெச்சிருந்தாங்க. அதுல கசகசா இருக்குண்ணா. இந்த ஊர்ல கசகசா போதைப்பொருள் கணக்கு, வெத்தலைக்கும் தடை. மாமாவைப் பிடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் கை நடுங்குது. உங்க பெட்டியில ஒரு துளிகூட வரக்கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்தும் வேண்டாம். அண்ணி மருந்துக்கெல்லாம் சீட்டு கையில இருக்கணும்.

பொடியை நான் அன்னிக்கே கொட்டிட்டேன். கொட்டறதுக்கு முன்னாடி டப்பா மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். ஞாயித்துக்கிழமை, அம்மா அம்மியைக் கழுவிட்டு அரைக்கறது, வாசல்ல தூறல், நீ ஏரிக்கரையிலேர்ந்து சைக்கிள்ல நனைஞ்சுக்கிட்டு வர்றது எல்லாம் அந்த டப்பாவுக்குள்ள இருந்துது. ரொம்ப நேரம் சிங்க் கிட்டயே நின்னுட்டேன். கூட இருக்கற பொண்ணு வந்து என்ன அக்கா ஆச்சுன்னு கேட்டா. கண்ணுல காரம் பட்டுடுச்சுன்னு சொன்னேன். கண்ணன் இப்போ என் தோள் உயரம் வந்துட்டானாமே. போட்டோவுல தெரியல, பக்கத்துல நிக்க வெச்சாதானே தெரியும்.

அதனால என் யோசனை இதுதான். நீ மட்டும் முதல்ல வா, ஐப்பசி பொறந்து வா. அப்போ வெயில் இறங்கியிருக்கும், மார்கழியில இங்கே காத்து நம்ம ஏரிக்கரைக் காத்து மாதிரியே இருக்கும். நாலு மாசம் வேலையையும் ஊரையும் பாரு. நம்ம சிபிஎஸ்இ ஸ்கூலெல்லாம் இங்கேயும் ஏப்ரல்லதான் தொடங்குது, அண்ணியும் குட்டியும் மார்ச் கடைசியில வரட்டும். கிளம்பறதுக்கு முன்னாடி பேங்க்ல சொல்லி உன் சேவிங்ஸ் கணக்கை, வெளிநாட்டுல இருக்கறவங்க வெச்சுக்கற என்ஆர்ஓ கணக்கா மாத்து, வீட்டு வாடகை அதுல வரட்டும்.

அதுக்குள்ள அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சாகணும். வலது கண் முதல்ல, தீபாவளிக்கு முன்னாடி. நீ இருக்கும்போதே செஞ்சாதான் எனக்கு நிம்மதி. மேல்வீட்டுக்காரங்க காலி பண்றாங்கன்னா அந்தப் போர்ஷனை வெளியாளுக்கு விடாதே. சரசா சித்தியைக் கேளு, அவங்களும் தனியாதானே இருக்காங்க. அண்ணியும் போனப்புறம் அம்மாவும் கண்ணனும் மட்டும் அந்த வீட்டுல இருக்க வேண்டாம். கிருஷ்ணகிரி நிலத்துப் பத்திரம் பெரியப்பாகிட்ட இருக்கறது சரியில்ல, நீ கிளம்பறதுக்குள்ள வாங்கி வை. சம்ப் மூடி ஓட்டையாயிருக்குன்னு கண்ணன் சொன்னான், அதை உடனே மாத்து.

இந்த மாசமும் அடுத்த மாசமும் என் சீட்டுப் பணத்தை நீ கட்டிடு. கம்பெனியில சம்பளத் தேதியை மாத்தறாங்க, அதான் கொஞ்சம் தள்ளிப்போகுது. கார்த்திகைக்குள்ள சேர்த்து அனுப்பிடுவேன்.

அண்ணிக்கும் குட்டிக்கும் என் அன்பு. அம்மா கண்ணுல சொட்டு மருந்து வேளா வேளைக்குப் போடுங்க.

உன் தங்கை,
மல்லி

பி.கு. அண்ணி பாஸ்போர்ட்டுக்குப் போகும்போது கண்ணனையும் கூட்டிக்கிட்டுப் போ. அவனுக்கும் ஒண்ணு எடுத்துடு, சின்னப் பசங்களுக்கு அஞ்சு வருஷத்துக்குக் கொடுப்பாங்க. சர்நேம் இடத்தைக் காலியா விடாதே, நம்ம அப்பா பேரைப் போடு. பர்த் சர்டிபிகேட் பீரோவுல நடு அறையில, என் கல்யாணப் புடவைக்குக் கீழே பச்சைக் கவர்ல இருக்கு.