மரப்பெட்டி மாட்டினால் கிளி பிழைக்குமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அழிவின் விளிம்பில் நிற்கும் ஆஸ்திரேலியாவின் ஸ்விஃப்ட் கிளி பற்றிய உங்கள் கட்டுரையைப் படிப்பவர்களுக்கு, கூடு வைப்பதற்கு மரங்களில் பெட்டிகளை மாட்டிவிட்டால் போதும், கிளி தப்பித்துவிடும் என்றே தோன்றும். விஷயம் அவ்வளவு லேசானதல்ல.

வலசை போகும் கிளிகள் உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை; ஸ்விஃப்ட் கிளி அவற்றில் ஒன்று. குளிர்காலத்தை விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் காடுகளில் கழித்துவிட்டு, பாஸ் நீரிணையைக் கடந்து தாஸ்மேனியாத் தீவுக்கு வந்துதான் இது குஞ்சு பொரிக்கும். அதுவும் வருடாவருடம் ஒரே இடத்தில் அல்ல. நீல யூகலிப்டஸ் (நம் நீலகிரியில் தைலம் காய்ச்சும் அதே மரம்தான்) அந்த ஆண்டு எங்கே பூத்துக் குலுங்குகிறதோ அங்கே. பூ இல்லாத காட்டில் நூறு பெட்டி தொங்கினாலும் திரும்பிப் பார்க்காது.

கூடு வைக்கும் மரப்பொந்தையும் பொறுக்கித்தான் எடுக்கும். வாய் குறுகலாக, உள்ளே ஆழமாக, அடி அகலமாக இருக்க வேண்டும். குறுகிய வாயில், மரமேறும் பைப்பாலூட்டிகளான பெரிய போசம்கள் நுழைய முடியாது. ஆனால் மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும், கைக்குள் அடங்கும் சுகர் கிளைடர் என்ற சிறு விலங்கு நுழைந்துவிடுகிறது. தாஸ்மேனியாவுக்கு அதைக் கொண்டுவந்தது மனிதன். அடைகாப்பது பெண் மட்டுமே; ஆண் இரவில் வெளியே தங்கும். ஆகவே கிளைடர் புகுந்தால் முட்டையோடு தாயும் அதற்கு இரையாகிப் போகிறது. ஆயிரத்துக்கும் கீழே குறைந்துவிட்ட இனத்தில், மிஞ்சிய ஆண்களுக்கு ஜோடி கிடைப்பதில்லை.

தாஸ்மேனியாவை ஒட்டிய, கிளைடர் இல்லாத புரூனி, மரியா தீவுகளில் சாதாரணப் பெட்டியே போதும். மற்ற இடங்களில், அந்தி சாய்ந்ததும் மூடி விடிந்ததும் திறக்கும் ஒளியுணரிக் கதவு வேண்டும். பேட்டரி தீர்ந்து கதவு காலையில் திறக்காவிட்டால் தாய் உள்ளேயே அடைபடும். ஆணால் இரை ஊட்ட முடியாது. பெட்டியை நிரந்தரமாக விட்டுவைப்பதும் தவறு. மைனா குடும்பத்து ஸ்டார்லிங்குகளும் ஐரோப்பியத் தேனீக்களும் குடியேறிவிடும். மொட்டு கட்டியிருக்கும் இடம் பார்த்து, கிளி வருவதற்குச் சற்று முன்பு மாட்டி, பருவம் முடிந்ததும் இறக்குவதே சரி.

இவ்வளவு பாடுபட்டாலும் பெட்டி தற்காலிக ஏற்பாடுதான். மரத்தில் இப்படியொரு பொந்து விழ நூறாண்டுக்கு மேல் ஆகும். கூட்டைச் சுற்றி முதிர்ந்த காடு எவ்வளவு மிச்சமிருக்கிறதோ, அவ்வளவுக்குக் கிளைடர் தாக்குதலும் குறைகிறது. விக்டோரியா அரசு தன் இயற்கைக் காடுகளில் வணிக மரவெட்டை 2024 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. தாஸ்மேனியாவில் இன்னும் நடக்கிறது. அங்கே முதிய மரங்களை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டே மறுபக்கம் பெட்டி மாட்டுவதை எப்படிப் பாதுகாப்பு என்று சொல்வது? கட்டுரையில் மரவெட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த இதழிலாவது அதை எழுதுங்கள்.

– ஒரு வாசகர், கோத்தகிரி