மலேரியா: கார்டோடு ஸ்லைடும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காய்ச்சலோடு வருபவருக்குக் கார்டு டெஸ்ட் (ஒரு சொட்டு ரத்தத்தில் மலேரியா கிருமியின் புரதம் இருந்தால் கோடு காட்டும் அட்டை) ஒன்றை மட்டும் போட்டு, 'மலேரியா இல்லை' என்று அனுப்பிவிடும் வழக்கம் பெருகிவருகிறது. கால் மணி நேரத்தில் முடிவு தரும் கார்டு நல்ல வசதிதான். ஆனால் ரத்தத்தில் கிருமி எவ்வளவு, மருந்து கொடுத்தபின் குறைகிறதா என்பதை அது சொல்லாது. ஃபால்சிபாரம் என்ற மலேரியா கிருமி வகையின் புரதத்தைத் தேடும் கார்டு, கிருமி ஒழிந்த பின்னும் சில வாரங்களுக்குக் கோடு காட்டும். 1880-இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லாவரான் இந்தக் கிருமியை முதன்முதலில் கண்டது நுண்ணோக்கியில். அதை எண்ண இன்றும் அதுவே வழி.

ஸ்லைடு என்பது ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடித் துண்டு. ஒரே ஸ்லைடில் இரண்டு தடவல்கள் வேண்டும்: கிருமியைத் தேடத் தடித்தது, வகை காண மெல்லியது. தடித்ததற்கு 6 மைக்ரோ லிட்டர் ரத்தம், மெல்லியதற்கு 2. தடித்த தடவலின் அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து தெரிய வேண்டும்; அந்தக் கனம் போதும். பலர் கோட்டைவிடுவது இதில்தான். அணுக்களைக் கண்ணாடியில் நிலைநிறுத்தும் மெத்தனால் மெல்லிய தடவலுக்கு மட்டுமே. தடித்ததில் அது பட்டால் சிவப்பணுக்கள் உடையாமல் நின்று கிருமியை மறைத்துவிடும். சூடுகாட்டி உலர்த்தினாலும், சாயமேற்றாமல் நாள்கணக்கில் போட்டுவைத்தாலும் இதே கதிதான்.

கிருமிக்கு நிறமேற்றும் ஜீம்சா சாயம் 3 சதவீதம் என்றால் 45 நிமிடம் ஊற வேண்டும். அவசரத்துக்கு 10 சதவீதம், 10 நிமிடம். சாயத்தில் கலக்கும் நீரின் பிஎச் (அமில-கார அளவு) 7.2 இருக்க வேண்டும். நன்றாக வந்த ஸ்லைடில், வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா கிருமி வகை புகுந்த சிவப்பணு பக்கத்து அணுக்களைவிட உப்பியிருக்கும். உள்ளே நீல வளையம், அதில் ஒரு செம்புள்ளி, சுற்றிலும் இளஞ்சிவப்புப் பொடிப்புள்ளிகள். நீர் அமிலத்தன்மையாக இருந்தால் அந்தப் பொடிப்புள்ளிகள் தெரியாது. ஃபால்சிபாரத்தில் அணு உப்பாது. ஒரே அணுவில் இரண்டு மூன்று வளையங்கள்கூட இருக்கும். வகை தெரிந்தாக வேண்டும். ஏனென்றால் வைவாக்ஸ் கல்லீரலில் பதுங்கித் திரும்ப வரும். அதைத் தடுக்க 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை தேவை. சாயக் கசடும், அணுமேல் உட்கார்ந்த தட்டணுவும் கிருமிபோல ஏமாற்றும்.

எண்ணெய் லென்ஸில் தடித்த தடவலின் 100 புலங்களையாவது (லென்ஸில் ஒரு தடவையில் தெரியும் வட்டம் ஒரு புலம்) பார்க்காமல் 'நெகட்டிவ்' எழுதக் கூடாது. முதிர்ந்த ஃபால்சிபாரம் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொள்வதால், விரல் ரத்தத்தில் சிக்காமலும் போகலாம். சந்தேகம் நீடித்தால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும்.

வெறும் 'எம்.பி. நெகட்டிவ்' (மலேரியா கிருமி இல்லை) என்ற ஒற்றை வரி அறிக்கை போதாது. பார்த்த புலங்கள் எத்தனை, கிருமி இருந்தால் என்ன வகை, 200 வெள்ளணுக்களுக்கு எத்தனை என்பதை அச்சிட்டுத் தருமாறு எல்லா ஆய்வகங்களையும் சுகாதாரத் துறை பணிக்க வேண்டும்.

— மருத்துவ ஆய்வக நுட்புநர், சென்னை